வட்டின் பெயரும் வட்டின் அடையாளமும்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நாளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தமையால், சென்னையின் மேற்குப் புறநகர் மாணவர்களுக்கு அது தங்கள் மாவட்டத்திலேயே பிறந்த திட்டமாயிற்று. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து அளித்த அந்த மடிக்கணினிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு: ஒரே வட்டில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்கள் ஒருங்கே குடியேற்றப்பட்டிருந்தன. பிந்தியது, சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட இந்திய இயங்குதளமாகும்.

இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டில் வசிக்குமானால், மின்சாரம் பாய்ந்தவுடன் எதனை எழுப்புவது என்று தீர்மானிக்க ஒரு நிரல் அவசியமாகிறது. திரையில் சில விநாடிகள் தோன்றி, இவற்றுள் எது வேண்டும் என்று வினவுகின்ற அந்தச் சிறு பட்டியலை நமக்குக் காட்டுவது பூட்லோடர் என்னும் அந்நிரலே. ஆனால், கணினி மெதுவாகிவிட்டதென்றோ வைரஸ் புகுந்துவிட்டதென்றோ கருதி, கடைக்காரர்கள் ‘ஓ.எஸ். போடுதல்’ என்று சொல்லும் காரியத்தைச் செய்து விண்டோஸை மறுபடி நிறுவினால், அதன்பின் அந்தப் பட்டியல் தோன்றுவதில்லை. லினக்ஸ் அடியோடு அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், லினக்ஸ் இருந்த பகுதியின்மேல் எதையும் எழுதாதவரையில், அதன் கோப்புகள் அனைத்தும் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது வட்டின் தொடக்கத்திலுள்ள சில நூறு பைட்டுகள் மட்டுமே. அவற்றை மீண்டும் எழுதிவிட்டால் பட்டியல் திரும்பிவிடும்.

எழுதுவது எளிது, எந்த வட்டின் தொடக்கத்தில் எழுதுவது என்று நிச்சயிப்பதுதான் கடினம். அந்த நிச்சயத்தைச் செய்து தரவேண்டிய பொறுப்பு, க்ரப் என்னும் பூட்லோடரை வட்டில் எழுதித்தரும் க்ரப்-இன்ஸ்டால் போன்ற நிறுவுகருவிகளைச் சார்ந்தது. வட்டு என்பது ஒவ்வோர் இயங்குதளத்திலும் வெவ்வேறு பெயருடனும், அதைவிட முக்கியமாக, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த பொருளாகவும் காட்சியளிக்கின்ற காரணத்தால், இக்கருவிகள் செய்யும் வேலை வெளிப்பார்வைக்குத் தோன்றுவதைவிடப் பன்மடங்கு நுட்பமானது. பெயரை நம்பாமல் பொருளின் இயல்பை விசாரித்து அறிவதே அந்நுட்பத்தின் சாரம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், வட்டின் தொடக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வட்டு முழுவதும் செக்டார் எனப்படும் சம அளவுள்ள கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செக்டாரின் வழக்கமான அளவு 512 பைட்டுகள். 500 ஜிகாபைட் வட்டு ஒன்றில் இத்தகைய செக்டார்கள் சுமார் 97 கோடியே 67 லட்சம் உள்ளன. அத்தனை கோடிகளுள் முதலாவதாக உள்ள ஒரே ஒரு செக்டாருக்குத்தான் தனிச் சிறப்பு. பயாஸ் என்னும் நிரந்தர நிரலைக் கொண்ட பழைய கணினிகளில், மின்சாரம் வந்ததும் அந்தப் பயாஸ் தன் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, இந்த ஒரு செக்டாரை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, அதன் இறுதி இரண்டு பைட்டுகள் பதினாறடி எண்முறையில் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று சரிபார்த்து, இருப்பின் அதிகாரம் முழுவதையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

அந்த 512 பைட்டுகளும் பலருக்குப் பங்கிடப்பட்டவை. முதல் 440 பைட்டுகள் துவக்க நிரலுக்கு உரியவை. அடுத்த நான்கு பைட்டுகளில், இந்த வட்டு இன்னது என்று தான் அறிந்துகொள்வதற்காக விண்டோஸ் ஓர் அடையாள எண்ணைப் பொறித்துவைக்கிறது. அதன்பின் இரண்டு பைட்டுகள். அவற்றை அடுத்து, வட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்பதைக் கூறும் அட்டவணைக்கு 64 பைட்டுகள். இறுதியில் மேற்சொன்ன முத்திரை இரண்டு பைட்டுகள். ஆகவே துவக்க நிரலை எழுத வருகின்ற கருவி, 440ஆம் பைட்டோடு கையை நிறுத்திக்கொள்ளவேண்டும். அதைத் தாண்டி நான்கு பைட்டுகள் எழுதிவிட்டால், விண்டோஸ் தன் வட்டைத் தானே அடையாளம் காணமாட்டாமல் திகைக்கும்; இன்னும் சிறிது தாண்டினால், பகுதி அட்டவணை சிதைந்து, வட்டிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் வழி மறைந்துவிடும். க்ரப் இந்த எல்லையை மதித்தே எழுதுகிறது.

நானூற்று நாற்பது பைட்டுகளுக்குள் ஒரு பட்டியலைக் காட்டவும், கோப்பு முறைகளைப் படிக்கவும் வல்ல நிரலை அடக்குவது இயலாத காரியம். எனவே க்ரப் இரண்டு படிகளாக ஏறுகிறது. முதல் செக்டாரில் உள்ள சிறு நிரலின் ஒரே கடமை, இரண்டாம் படியாகிய பெரிய நிரல் வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்து அதனை ஏற்றுவது. அந்தப் பெரிய நிரலுக்கு மரபாகக் கிடைத்த இடம், முதல் செக்டாருக்கும் முதல் பகுதிக்கும் இடையில் வெறுமையாக விடப்பட்ட 62 செக்டார்கள், அதாவது 31,744 பைட்டுகள். பிற்காலத்தில் முதல் பகுதி ஒரு மெகாபைட்டு தள்ளித் தொடங்கும் வழக்கம் வந்தபின் இவ்விடம் விசாலமாயிற்று. இடம் போதாத நிலைமையில் க்ரப்பின் நிறுவுகருவி காரியத்தை நடத்திக்கொண்டு போய்விடுவதில்லை. எஞ்சியுள்ள மாற்றுமுறை நம்பத்தக்கதன்று என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. பயனர் தாமே வற்புறுத்தினாலன்றி அது மேலே செல்வதில்லை.

இனி, பிரச்சினையின் வேருக்கு வருவோம். நிறுவுகருவி ஓடுவது ஓர் இயங்குதளத்தின் உள்ளே. அது எழுதிவைக்கும் நிரல் ஓடப்போவதோ, எந்த இயங்குதளமும் விழித்தெழாத ஒரு வேளையில். முன்னதன் உலகில் வட்டுக்கு இயங்குதளம் சூட்டிய பெயர் ஒன்று உண்டு. பின்னதன் உலகில் பயாஸ் கொடுத்த எண் மட்டுமே உண்டு: முதல் வட்டுக்குப் பதினாறடி எண்முறையில் 80, இரண்டாவதற்கு 81 என்பது பயாஸின் கணக்கு. இந்த 80ஆம் எண்ணுக்கு உரிய வட்டையே க்ரப் தன் பரிபாஷையில் ‘எச்டி0’ என்று அழைக்கிறது. லினக்ஸ் அறிந்த பெயருக்கும் பயாஸ் அறிந்த எண்ணுக்கும் இடையே, இரண்டையும் ஒருங்கே அறிந்து சாட்சி சொல்லத்தக்க ஒருவர் இல்லை. இயங்குதளம் விழித்திருக்கும்போது பயாஸின் எண்கள் மறைந்துபோகின்றன. பயாஸ் ஆளும் வேளையில் இயங்குதளத்தின் பெயர்கள் பிறந்திருக்கவே இல்லை. இவ்விரு உலகங்களுக்கும் இடையே பாலமாக நிற்பதே நிறுவுகருவியின் தர்மம்.

க்ரப்பின் பழைய பதிப்புகள் இந்தப் பாலத்தை ஓர் அட்டவணைக் கோப்பின் மூலம் கட்டின. எச்டி0 என்பது இன்ன பெயருள்ள வட்டு, எச்டி1 என்பது இன்னொன்று என்று அதில் எழுதிவைப்பார்கள். ஆனால் அவ்வட்டவணை பெரும்பாலும் யூகத்தினால் அமைந்தது. எந்த வட்டிலிருந்து கணினியைத் தொடங்குமாறு பயனர் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கே 80 என்ற எண்ணைப் பல பயாஸ்கள் வழங்கிவிடுவதனால், நேற்று உண்மையாக இருந்த அட்டவணை, ஒரு பென்டிரைவைச் செருகிய மாத்திரத்தில் இன்று பொய்யாகிவிடக்கூடும்.

இயங்குதளங்கள் சூட்டும் பெயர்களாவது நிலையானவையா என்றால், அதுவும் இல்லை. லினக்ஸில் பழைய ஐடிஇ வகை வட்டுகள் எச்டிஏ, எச்டிபி என்ற பெயர்களைப் பெற்றன. வட்டு எந்த இணைப்பில் பொருத்தப்பட்டதோ அந்த ஸ்தானத்தை அப்பெயர் குறித்தமையால், அதில் ஒரு ஸ்திரத்தன்மை இருந்தது. ஸ்கஸி வகை வட்டுகளுக்கு வழங்கிய எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் பெயர்களோ கண்டுபிடிக்கப்பட்ட வரிசையை ஒட்டியவை. பிறகு, இயங்குதளத்தின் மைய நிரலாகிய கெர்னலின் இயக்கிகள் மாற்றியமைக்கப்பட்டபோது, ஐடிஇ வட்டுகளும் சாட்டா வட்டுகளும் யூஎஸ்பி வட்டுகளும் எல்லாம் எஸ்டி என்ற ஒரே குடும்பப் பெயரில் சேர்ந்துகொண்டன. 2011 பிப்ரவரியில் வெளிவந்த டெபியன் 6 பதிப்பில் இந்த மாற்றம் நிகழ்ந்தபோது, பெயரை நம்பி எழுதப்பட்டிருந்த அமைப்புக் கோப்புகள் யாவும் திருத்தத்துக்கு உள்ளாயின. சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள் வழங்குவதையும், புதிய எண் எழுதிய கடிதத்தைப் பழைய எண் கொண்டு தேடும் அஞ்சல்காரர் வேறொருவர் வாசலில் போய் நிற்பதையும் நினைவுகூர்ந்தால், நிறுவுகருவிக்கு நேரக்கூடிய ஆபத்து நன்கு விளங்கும். வித்தியாசம் என்னவெனில், அஞ்சல்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், தவறான வட்டில் எழுதப்பட்ட செக்டாரைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

மற்ற இயங்குதளங்களின் வழக்கங்கள் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் முன்பு ஏடி என்று தொடங்கிய வட்டுப் பெயர்கள், 2012 ஜனவரியில் வெளியான 9ஆம் பதிப்பிலிருந்து ஏடிஏ என்று மாறின. சோலாரிஸ் தன் வட்டுகளைக் கட்டுப்படுத்தி, இலக்கு, வட்டு, கூறு என்ற நான்கின் எண்களையும் கோத்து ஒரு நீண்ட பெயரால் வழங்குகிறது. நெட்பிஎஸ்டியில் வட்டின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஒரு பகுதியைக் குறிக்கும். முழு வட்டைக் குறிக்கும் எழுத்தோ சாதாரண பிசி கணினிகளில் ‘டி’யாகவும் வேறு பல யந்திரங்களில் ‘சி’யாகவும் இருக்கிறது. விண்டோஸில் ‘பிசிகல்டிரைவ்’ என்னும் பெயருக்குப்பின் 0, 1 என எண் சேர்த்து முழு வட்டைத் திறக்கவேண்டும். நாம் அன்றாடம் காணும் சி, டி டிரைவுகள் பகுதிகளையே குறிப்பவை.

இதுவரை சொன்னது பெயர் வேற்றுமை. இதனினும் ஆழமானது இன வேற்றுமை. யூனிக்ஸ் மரபில் தோன்றிய இயங்குதளங்கள், கணினியோடு இணைந்த சாதனங்களையும் கோப்புகளாகவே பாவிக்கின்றன. அத்தகைய சாதனக் கோப்புகள் இரண்டு வகைப்படும்: ஒன்று பிளாக் சாதனம், மற்றொன்று கேரக்டர் சாதனம். கோப்புகளின் விவரப் பட்டியலைக் கேட்டுப் பார்த்தால், வரியின் முதலெழுத்து ‘பி’ என்று இருப்பின் முன்னது. ‘சி’ என்று இருப்பின் பின்னது. லினக்ஸில் வட்டுகள் பிளாக் சாதனங்கள். விசைப்பலகை, தொடர் இணைப்பு முதலியன கேரக்டர் சாதனங்கள். எனவே, ‘கொடுக்கப்பட்ட கோப்பு பிளாக் சாதனமா?’ என்று கேட்டு, ஆம் எனில் வட்டு, இல்லையெனில் வட்டன்று என்று தீர்ப்பளிப்பது லினக்ஸில் மட்டும் பழகிய நிரலாளர் ஒருவருக்கு இயற்கையாகவே தோன்றும்.

அந்தத் தீர்ப்பு ஃப்ரீபிஎஸ்டியில் முற்றிலும் தவறாகிவிடும். ஏனெனில் அங்கே பிளாக் சாதனம் என்ற இனமே இப்பொழுது கிடையாது. வட்டுகள் அனைத்தும் கேரக்டர் சாதனங்களே. இது தற்செயலாக நேர்ந்ததன்று, ஆழ்ந்த ஒரு காரணத்தினால் செய்யப்பட்டது. பிளாக் சாதனத்தின் வழியாக எழுதும்போது, எழுதப்படும் தரவு நேரே வட்டுக்குச் செல்வதில்லை. கெர்னல் அதனை நினைவகத்தில் தேக்கிவைத்து, தனக்கு வசதியான வேளையில் வசதியான வரிசையில் வட்டுக்கு அனுப்புகிறது. வேகத்துக்கு இது நன்மை. ஆனால் எழுதும் நிரலுக்கோ, வட்டில் இந்தக் கணத்தில் என்ன இருக்கிறது, எது முன் எழுதப்பட்டது, எழுத்து தவறியதா என்பவற்றை நிச்சயமாக அறிய வழியின்றிப் போகிறது. நம்பகம் முதன்மையான இடங்களில் இந்தத் தேக்கம் தீமையே என்று ஃப்ரீபிஎஸ்டியின் ஆசிரியர்கள் முடிவு செய்து, வட்டுக்குச் செல்லும் வழிகளைச் சீரமைத்தபோது அந்த இனத்தையே நீக்கிவிட்டார்கள். நெட்பிஎஸ்டி, சோலாரிஸ் ஆகியவற்றிலும் மேக்ஓஎஸிலும் இரண்டு இனங்களும் அருகருகே வாழ்கின்றன. பெயரின் முன்னால், சோலாரிஸிலோ அடைவின் பெயருக்கு முன்னால், ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் அதே வட்டின் தேக்கமற்ற கேரக்டர் வடிவம் கிடைக்கிறது.

ஆகவே, பல இயங்குதளங்களில் ஓடவேண்டிய க்ரப் போன்ற கருவி, ‘இது பிளாக் சாதனமா?’ என்று கேட்கக்கூடாது. ‘இந்த இயங்குதளத்தில் வட்டுகள் எந்த இனத்தைச் சேர்ந்தவையோ அந்த இனமா?’ என்றே கேட்கவேண்டும். க்ரப்பின் மூலநிரலில் இதற்கென்றே ஒரு நியமம் இருக்கிறது: ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, சோலாரிஸ் ஆகியவற்றுக்காக அது தொகுக்கப்படும்போது கேரக்டர் இனத்தையும், ஏனையவற்றில் பிளாக் இனத்தையும் அது வட்டென ஏற்கிறது. இந்தச் சிறிய நியமம் இல்லாத கருவி ஃப்ரீபிஎஸ்டியில், கண்ணெதிரே இருக்கும் வட்டை ‘இது வட்டன்று’ என்று மறுத்து நின்றுவிடும். டெபியன் 6 வெளிவந்தபோது, லினக்ஸ் கெர்னலுக்குப் பதிலாக ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலைக் கொண்ட ஒரு டெபியனும் முன்னோட்டமாக அதனுடன் வழங்கப்பட்டது. ஒரே நிறுவுகருவி இருவேறு கெர்னல்களின் பழக்கங்களை அறிந்திருக்கவேண்டிய அவசியம் அத்தகைய முயற்சிகளால் மேலும் கூர்மையடைந்தது.

இனம் மாறினால் பழகும் முறையும் மாறவேண்டும். பிளாக் சாதனத்தில் எந்த இடத்திலிருந்தும் எத்தனை பைட்டு வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். நடுவிலுள்ள தேக்கம் மிச்சத்தைக் கவனித்துக்கொள்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் கேரக்டர் சாதனத்திலோ முழு முழு செக்டார்களாகவே படிக்கவும் எழுதவும் வேண்டும். 440 பைட்டுகளை மாற்ற விரும்பும் கருவி, முதலில் 512 பைட்டுகளையும் படித்து, அவற்றுள் தனக்குரிய பகுதியை மட்டும் மாற்றி, முழுச் செக்டாரையும் திரும்ப எழுதவேண்டும். செக்டாரின் அளவே 4,096 பைட்டுகளாக உள்ள வட்டுகளும் இன்று புழக்கத்தில் இருப்பதால், அளவையும் ஊகிக்காமல் கெர்னலிடமே கேட்டறியவேண்டும். வட்டின் மொத்தக் கொள்ளளவைக் கேட்பதற்கும் லினக்ஸுக்கு ஒரு கட்டளை, ஃப்ரீபிஎஸ்டிக்கு வேறொரு கட்டளை, விண்டோஸுக்கு இன்னொன்று. கேள்வி ஒன்றே, கேட்கும் மொழி ஒவ்வொரு வாசலிலும் வேறு.

அடுத்தது, பகுதியிலிருந்து முழு வட்டை அறிதல். க்ரப்பின் கோப்புகள் வைக்கப்பட்டுள்ள அடைவு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை நிறுவுகருவி முதலில் கண்டுபிடிக்கிறது. ஆனால் எழுதவேண்டிய முதல் செக்டாரோ பகுதிக்கு உரியதன்று, முழு வட்டுக்கு உரியது. எஸ்டிஏ1 என்ற பகுதிப் பெயரின் இறுதி எண்ணை நீக்கினால் எஸ்டிஏ என்ற வட்டு கிடைத்துவிடுகிறது. இதே சூத்திரத்தை, இன்றைய மடிக்கணினிகளில் பரவலாகிவிட்ட என்விஎம்இ வட்டுக்குப் பிரயோகித்தால் விபரீதம்: அங்கே முழு வட்டின் பெயரே ஓர் எண்ணில் முடிகிறது, பகுதியின் பெயர் அதனுடன் ‘பி’ என்ற எழுத்தும் மற்றோர் எண்ணும் சேர்ந்து அமைகிறது. எண்ணை மட்டும் வெட்டினால் எஞ்சுவது, இல்லாத ஒரு பொருளின் பெயர். நினைவட்டைகளுக்கும் இதே நிலைதான். ஆகையால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பெயரிலக்கணத்தை க்ரப் தனித்தனியே அறிந்துவைத்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ஜியாம் என்னும் அடுக்குமுறை அமைப்பு, எந்தப் பகுதி எந்த வட்டின் வாரிசு என்ற வம்சாவளியைத் தானே வைத்திருப்பதால், பெயரை அறுத்துப் பார்க்கவேண்டிய தேவையின்றி அதனிடமே விசாரித்துக்கொள்ள முடிகிறது.

அந்த ஜியாம் அமைப்பு ஒரு காவலும் புரிகிறது. வட்டின் ஒரு பகுதி பயன்பாட்டில் இருக்கும்போது, அவ்வட்டின் முதல் செக்டாரில் எவரும் எழுதாதபடி அது தடுத்துவிடுகிறது. நிறுவுகருவியின் முழு வேலையே அங்கே எழுதுவதாகையால், க்ரப் அதற்குரிய கெர்னல் அமைப்பில் 16 என்ற மதிப்புக்குரிய அடையாளத்தை ஏற்றிக் காவலைத் தளர்த்தி, வட்டைத் திறந்துகொண்டதும் முன்பிருந்த மதிப்பையே திரும்ப வைத்துவிடுகிறது. காவலைத் திறந்தபடியே விட்டுச்செல்லாத இந்த நாகரிகம் பாராட்டுக்குரியது. லினக்ஸில் இத்தகைய காவல் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு சிக்கல் உண்டு. முழு வட்டின் வழியாகப் படித்தால் ஒரு தேக்கமும், அதே வட்டின் பகுதி வழியாகப் படித்தால் வேறொரு தேக்கமும் இருப்பதால், பகுதியில் சற்றுமுன் எழுதிய கோப்பை முழு வட்டின் வழியாகப் பார்த்தால் பழைய உள்ளடக்கமே தென்படக்கூடும். இதனை அறிந்தே க்ரப், படிக்கவேண்டிய செக்டார் ஒரு பகுதிக்குள் அடங்குமானால், வட்டை விட்டு அந்தப் பகுதியையே திறந்து படிக்கிறது.

இவ்வளவு பக்குவம் ஒரே நாளில் வந்ததன்று. லினக்ஸின் ஆரம்ப காலத்தில், 1990களில் பெரிதும் வழங்கிய லிலோ என்னும் பூட்லோடர், கெர்னல் கோப்பு எந்தெந்தச் செக்டார்களில் கிடக்கிறது என்ற இட எண்களையே குறித்துவைத்துக்கொண்டது. கெர்னல் கோப்பைப் புதுப்பித்தவுடன் லிலோவையும் மறுபடி நிறுவ மறந்தால், அந்தக் குறிப்பு பழுதாகிக் கணினி எழாமல் நின்றுவிடும். க்ரப்பை 1995ஆம் ஆண்டில் தொடங்கிய எரிக் போலின், குனூ ஹர்ட் என்னும் கெர்னலை எழுப்பும் பொருட்டே அதனை எழுதத் தொடங்கினார். கோப்பு முறைகளைத் தானே படிக்க வல்லதாக அதனை அமைத்தது பெரிய முன்னேற்றம். 1999இல் அது குனூ திட்டத்தின் நிரலாக ஏற்கப்பட்டது. பின்னர் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு, 2012 ஜூன் மாதத்தில் 2.00 என்ற பதிப்பு எண்ணோடு வெளிவந்தது.

புதிய க்ரப்பின் பெருமை, பெயருக்கும் எண்ணுக்கும் அடிமையாகாமல், வட்டின் மேலேயே பொறிக்கப்பட்ட அடையாளத்தைத் தேடுவதில் இருக்கிறது. ஒரு கோப்பு முறையை உருவாக்கும் வேளையிலேயே, உலகில் வேறெதனுடனும் பொருந்தாத ஓர் அடையாள எண், அநேகமாக 128 பிட் நீளமுள்ளது, அதனுள் எழுதப்படுகிறது. யூயூஐடி என்று அதனை அழைக்கிறார்கள். நிறுவுகருவி அந்த எண்ணைக் குறித்துவைக்கிறது. மறுநாள் கணினி எழும்போது, க்ரப் தனக்கு எட்டும் வட்டுகளையெல்லாம் நாடி, அந்த எண்ணைச் சுமந்த பகுதி எதுவோ அதுவே தன் இல்லம் என்று கொள்கிறது. பயாஸ் அதற்கு 80 என்று எண் கொடுத்தாலும் 81 என்று கொடுத்தாலும், லினக்ஸ் அதனை எஸ்டிஏ என்றாலும் எஸ்டிபி என்றாலும் கவலையில்லை. இரண்டு உலகங்களுக்கும் இடையே சாட்சி இல்லை என்று முன்னர்ச் சொன்னோமே, அந்தச் சாட்சியை வட்டின் மேலேயே எழுதிவைத்ததுதான் இந்தத் தீர்வு.

இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்துவிட்டது. அதில் முதல் செக்டாரின் நெருக்கடி இல்லை. வட்டில் ஃபேட் முறையில் அமைந்த ஒரு பகுதி பூட்லோடர்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. விண்டோஸின் பூட்லோடரும் க்ரப்பும் அதனுள் தனித்தனி அடைவுகளில் சாதாரணக் கோப்புகளாக வசிக்கின்றன. எந்தப் பகுதியில் எந்தக் கோப்பு என்பதை, அப்பகுதியின் 128 பிட் அடையாள எண்ணைக் கொண்டே யூஇஎஃப்ஐ தன் நிரந்தர நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. ஆதலால் விண்டோஸை மறுபடி நிறுவினாலும் க்ரப்பின் கோப்பு பெரும்பாலும் அழிவதில்லை. வரிசையில் விண்டோஸ் முன்னே வந்துவிடுவதே வழக்கமாக நிகழ்வது, வரிசையைத் திருத்தினால் பட்டியல் திரும்பிவிடும். ஆயினும் அந்தப் பகுதி எந்த வட்டில் உள்ளது என்று கண்டறியும் கடமை நிறுவுகருவியை விட்டு நீங்கவில்லை. பெயர்களின் மாயை அங்கும் தொடர்கிறது.

பட்டியல் மறைந்த மடிக்கணினி ஒன்றைச் செப்பனிட முற்படும் இளைஞர், பென்டிரைவிலுள்ள லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, அதிலிருந்தே க்ரப்பை நிறுவுவது வழக்கம். அவ்வேளையில் பென்டிரைவே எஸ்டிஏ என்ற பெயரைப் பெற்று, உள்ளே இருக்கும் வட்டு எஸ்டிபி ஆகியிருத்தல் கூடும். புத்தகத்தில் எஸ்டிஏ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்றுபவர், துவக்க நிரலைப் பென்டிரைவில் எழுதிவிட்டு, அதைக் கழற்றியவுடன் கணினி எழவில்லையே என்று வருந்துவார். கட்டளையை இடுமுன், வட்டுகளின் பட்டியலை வாங்கிக் கொள்ளளவு, தயாரிப்பாளர் குறித்த மாதிரி எண், அதனுள் உள்ள பகுதிகள் ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்ப்பது சிறிது நேரத்தில் முடியும் காரியம். அதனைத் தவறாமல் செய்பவரே இத்தொழிலில் நம்பத்தக்கவர். கருவி எவ்வளவு விவேகமுள்ளதாக இருப்பினும், ‘இந்த வட்டில் எழுது’ என்று பயனர் வெளிப்படையாகச் சொல்லும் சொல்லை அது மீறுவதில்லை.

அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலும், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை பரந்துள்ள பொறியியல் கல்லூரிகளிலும் கணினி பயிலும் இளைஞர்களுக்கு இந்த விஷயத்தை ஒரு பாடமாகவே வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2025–26ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளுக்குள் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கும் இக்காலத்தில், கணினியைப் பெறுபவர் அது எவ்வாறு விழித்தெழுகிறது என்பதையும் அறிந்திருத்தல் நியாயமே. அதற்கு விலையுயர்ந்த உபகரணங்கள் தேவையில்லை. மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, வட்டுக்குப் பதிலாக ஒரு கோப்பையே வட்டாகப் பாவித்தால், எத்தனை முறை தவறினும் எவருடைய தரவுக்கும் சேதமில்லை. அதன் முதல் 512 பைட்டுகளை மாணவர் திறந்து பார்க்கட்டும். 55, ஏஏ என்ற முத்திரையைக் காணட்டும். அதே மெய்நிகர் வட்டை லினக்ஸிலிருந்து ஒரு தடவையும் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து மற்றொரு தடவையும் நோக்கி, ஒன்றில் ‘பி’ என்றும் மற்றொன்றில் ‘சி’ என்றும் தோன்றும் இன வேற்றுமையைத் தாமே கண்டறியட்டும்.

க்ரப்பின் மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸுக்கு ஒரு கோப்பு, ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு ஒரு கோப்பு என்று, ஒவ்வோர் இயங்குதளத்தின் தனிப் பழக்கமும் அதில் தனித்தனியே மதித்து எழுதப்பட்டிருப்பதை நம் மாணவர்கள் வாசிக்கும்போது, நல்ல நிரல் எழுதும் கலையின் ஓர் அடிப்படை நியமம் அவர்களுக்குப் புலனாகும்: தான் பழகிய ஓரிடத்தின் வழக்கத்தை எல்லா இடத்துக்கும் உரிய விதியாகக் கொள்ளாமல், எழுதுவதற்குமுன் கேட்டு, நிச்சயமில்லாதபோது நின்று, முதல் செக்டாரில் தனக்குரிய 440 பைட்டுகளுக்கு மேல் ஒரு பைட்டையும் மாற்றாத கருவியே, ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் பல்லாண்டு சேர்ந்து வாழ இடமளிக்கிறது.